நீக்குவதற்கு முன் ஓர் அழைப்பு



என் வேலை இன்னதென்று உம்மாவிடம் விளக்கிச் சொல்ல இன்றுவரை என்னால் முடிந்ததில்லை. "துபாயில் கம்ப்யூட்டர் பார்க்கிறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். அதைத் திருத்த நானும் முயன்றதில்லை. உண்மையில் நான் கணினிகளைப் பார்ப்பதே இல்லை. ஒரு கட்டுமான நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அமர்ந்து, ஏறத்தாழ 600 கணினிகளில் எந்த மென்பொருள் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று ஒரே திரையிலிருந்து கட்டளையிடுவதே என் பணி. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தளத்தில், யாருடைய மேசையில், எந்தப் பாலைவனக் கொட்டகையில் இருக்கின்றன என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் எண். அவ்வளவே.

மென்பொருளை நிறுவுவதைக் காட்டிலும் நீக்குவது கடினம் என்று சொன்னால் இத்துறைக்கு வெளியே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். 2019ஆம் ஆண்டு ரமழான் வரை நானும் முழுமையாக நம்பியிருக்கவில்லை. அந்த ரமழானில் நான் ஒரு பிழை செய்தேன். அதன் சுமையை என்னைவிட அதிகமாகச் சுமந்தவர்கள், என் பெயரைக்கூட அறியாதவர்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் 16ஆம் தேதி ஆரக்கிள் நிறுவனம் ஜாவா மென்பொருளின் உரிம விதிகளை மாற்றியது. அதுவரை அலுவலகங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்த ஜாவா 8இன் புதிய பதிப்புகளுக்கு, வணிகப் பயன்பாட்டில் இருப்போர் இனிச் சந்தா செலுத்த வேண்டும் என்றானது. மேசைக் கணினிக்கான பட்டியல் விலை ஒரு பயனருக்கு மாதம் 2.50 டாலர். 600 கணினிகள் என்றால் ஆண்டுக்கு 18,000 டாலர். எங்கள் கணினிகளில் ஜாவா ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கே பெரும்பாலும் விடை இல்லை. என்றோ ஒரு பழைய நிரலுக்காக எல்லாவற்றிலும் நிறுவியிருந்தோம். அந்த நிரல் போய்விட்டது. ஜாவா மட்டும் தங்கிவிட்டது. ஒரு கணினி தானாகப் புதிய பதிப்புக்கு மாறிவிட்டாலும் உரிமக் கணக்கில் சிக்கிக்கொள்வோம் என்று அஞ்சிய மேலாளர், மே மாத இறுதிக்குள் ஜாவா எங்கும் இருக்கக் கூடாது என்றார். நியாயமான கட்டளைதான். பிறர் பொருளை உரிமமின்றி வைத்திருப்பது நமக்கும் உவப்பானதன்று.

மையத்திலிருந்து நீக்குவது எப்படி நடக்கிறது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். விண்டோஸில் எம்எஸ்ஐ பொதியாக நிறுவப்படும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் சுருள் அடைப்புக்குறிக்குள் 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு. அக்குறியீட்டைச் சொல்லி நீக்குமாறு கட்டளை அனுப்பினால், கணினி தன்னிடமிருந்து அதைத் தானே கழற்றிவிட்டு ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் முடிந்தது, ஆனால் மறுதொடக்கம் வேண்டும். 1618 என்றால் இங்கே வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, பொறு. 1605 என்றால் நீ நீக்கச் சொன்ன பொருள் இங்கே இல்லவே இல்லை. இத்துறையில் சில ஆண்டுகள் கழித்தவர்களுக்கு இவ்வெண்கள் உறவினர் பெயர்களைப் போல நாவில் வரும்.

ஜாவாவில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் அதன் குறியீடு மாறும். ஜாவா 8 வந்தாலும் ஜாவா 7 போகாது. இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்கும். ஐந்தாறு ஆண்டுகளாக ஓடும் அலுவலகத்தில் முப்பது நாற்பது குறியீடுகள் தேறிவிடும். எனவே பலரும் செய்வதைப் போல, குறியீட்டை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தேன். பெயர் "ஜாவா" என்று தொடங்கினால் நீக்கு. இவ்வளவுதான் என் ஸ்கிரிப்டின் சாரம்.

அதைக் கவனக்குறைவாக எழுதினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிறுவப்பட்டவற்றின் பட்டியலைப் பெற வின்32_புராடக்ட் என்றொரு எளிய வழி உண்டு. அதைக் கேட்ட மாத்திரத்தில் விண்டோஸ் தன்னிடமுள்ள எம்எஸ்ஐ மென்பொருள் ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தொடங்கிவிடும். சிலவற்றைப் பழுது நீக்குவதாக எண்ணி மாற்றியும் விடும். விவரம் அறியாதவர் செய்யும் தவறு அது. நான் அதைத் தொடவில்லை. பதிவேட்டின் இரண்டு கிளைகளையும், 32 பிட்டுக்கு உரியதையும் 64 பிட்டுக்கு உரியதையும், தனித்தனியே வாசித்தேன். பத்துக் கணினிகளில் முதலில் ஓட்டிப் பார்த்தேன். பத்தும் எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் கணினிகள். அவற்றில் ஜாவா 8 மட்டுமே இருந்தது. அதையும் யாரும் பயன்படுத்தவில்லை. சோதனை வெற்றி.

எஞ்சியிருந்தது மனிதர்களைக் கேட்கும் வேலை. துறைத் தலைவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் பிரிவில் ஜாவா தேவைப்படும் கணினிகள் இருந்தால் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும் என்பது அதன் பொருள். இருவர் பதில் அனுப்பினர். அவர்களுடைய கணினிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். மற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பதினோரு பெயர்கள்.

மே 29, புதன்கிழமை. நோன்பு காலத்தில் அமீரகத்தில் வேலை நேரம் இரண்டு மணி குறையும். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு, மற்றவர்கள் சென்றபின்தான் வேலை தொடங்கும். அன்று மஃரிபுக்குப் பின் வருவது ரமழானின் 25ஆம் இரவு, ஒற்றைப்படை இரவு. எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் நள்ளிரவுக்குப் பின் கியாமுல் லைல் தொடங்கும். 21ஆம் இரவிலும் 23ஆம் இரவிலும் வேலையின் காரணமாக இரண்டு ரக்அத்துகளுக்கு மேல் கிடைக்கவில்லை. இந்த இரவைத் தவறவிடக் கூடாது என்று உறுதி கொண்டிருந்தேன். பதினோரு பேரை அழைப்பதென்றால் மறுநாள் பகலில்தான் இயலும். மறுநாள் வியாழன், அதன்பின் வெள்ளி, சனி விடுமுறை, அடுத்து பெருநாள் நெருக்கம். மே மாதமும் முடிந்துவிடும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலக்குப் பட்டியலில் "எல்லாக் கணினிகளும்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பயனர் திரையில் எந்த அறிவிப்பும் வர வேண்டாம் என்ற கட்டத்தைக் குறித்தேன். அவர்களைத் தொந்தரவு செய்யாத நல்லெண்ணம் என்று அப்போது கருதினேன். தப்பிவிடும் கணினிகளைப் பிடிக்க, மறுதொடக்கத்தின்போது ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் குழுக் கொள்கையில் சேர்த்தேன். காலக்கெடு நள்ளிரவு 1 மணி. அறையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன்.

அன்றைய தொழுகை நெடியதாகவும் இனிமையாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காலையில் அறிக்கையைத் திறந்தபோது பச்சை நிறம் திரையை நிரப்பியிருந்தது. 0, 0, 0, 3010, 0. இரவில் அணைந்திருந்த கணினிகளும், காலையில் இயக்கப்பட்டவுடன் தவறிய காலக்கெடுவை உணர்ந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பத்து மணி கடந்து சில நிமிடங்களில் தொலைபேசி ஒலித்தது. கணக்குப் பிரிவில் ஊதியம் பார்க்கும் காக்கா. கீழக்கரைக்காரர், எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவரைக் காக்கா என்றே அழைப்போம். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த நிறுவனத்தில் இருப்பவர்.

"தம்பி, பேங்க் பக்கம் திறக்குது, ஆனா கையெழுத்துப் போடற இடம் வரமாட்டேங்குது. சாம்பல் கட்டமா நிக்குது."

அந்த ஒரு சொல்லில், சாம்பல் கட்டம் என்றதில், எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. தொழிலாளர்களின் ஊதிய விவரத்தை ஒரு கோப்பாக ஆக்கி, வங்கி வழியாகச் செலுத்த வேண்டும்; அரசு அதைக் கண்காணிக்கும். எங்கள் நிறுவனத்தின் வங்கி அந்தக் கோப்பில் மின்னணுக் கையெழுத்திட ஒரு ஜாவா நிரலை வைத்திருந்தது. உலாவிகள் பலவும் ஜாவாவைக் கைவிட்டுவிட்ட காலம் அது. குரோம் 2015இலேயே விட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் விட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும், அதுவும் ஜாவா 7 இருந்தால் மட்டும் அக்கையெழுத்து இயங்கியது. காக்காவின் கணினியில் அந்த ஜாவா 7 ஆண்டுக்கணக்காகத் தனியே வாழ்ந்துவந்தது. புதிய உரிம விதி அதைத் தொடவே இல்லை. அதற்குக் கட்டணம் கேட்க யாரும் வரப்போவதில்லை. பாதுகாப்பின் கண்கொண்டு பார்த்தால் அது இருந்திருக்கக் கூடாது என்பது வேறு விஷயம். ஆனால் அன்று காலை அதை நீக்க எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. பெயர் "ஜாவா" என்று தொடங்கியது, அதனால் போயிற்று.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் மே மாத ஊதியம் அந்தக் கோப்பில் இருந்தது. பெருநாள் அடுத்த செவ்வாய் அல்லது புதன். வங்கி அன்றே செயல்படுத்த வேண்டுமானால் நண்பகல் 12 மணிக்குள் கோப்பு சென்றிருக்க வேண்டும்.

ஓடினேன். நான்காம் தளத்துக்கு நான் அதுவரை இரண்டு முறைதான் சென்றிருக்கிறேன். பழைய ஜாவா 7இன் நிறுவல் கோப்பு எங்கள் சர்வரில் இல்லை. இடம் மிச்சப்படுத்துவதாக நானே சென்ற ஆண்டு அழித்திருந்தேன். ஆரக்கிளின் பழைய பதிப்புக் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி, கோப்பை இறக்கி, நிறுவினேன். மணி 11. உலாவி அதை ஏற்கவில்லை. மறுதொடக்கம் செய்து பார்ப்போம் என்றேன். கணினி எழுந்தபோது ஜாவா மீண்டும் இல்லை. தப்பிவிடுவோரைப் பிடிக்க நான் வைத்த ஸ்கிரிப்ட், தன் கடமையைப் பிசகின்றிச் செய்து முடித்திருந்தது.

பிறகு விலக்குப் பட்டியல், கொள்கையின் மறுவாசிப்பு, மறு நிறுவல், வங்கி முகவரியை நம்பத் தகுந்ததாகச் சேர்த்தல், கையெழுத்துச் சாவியை மீண்டும் அடையாளம் காணச் செய்தல். காக்கா என் பின்னால் நாற்காலியில் தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. கையெழுத்துக் கட்டம் சாம்பல் நிறம் நீங்கித் திறந்தபோது மணி 1.20. கோப்பு சென்றது. ஊதியம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்று வங்கியிலிருந்து பதில் வந்தது.

மூன்று நாள் தாமதம். உலகம் இடிந்துவிடவில்லை. ஆனால் வளைகுடாவில் தொழிலாளர் முகாமை அறிந்தவர்களுக்கு, பெருநாளுக்கு முந்திய வியாழன் மாலையும் வெள்ளியும் என்னவென்று தெரியும். பணமாற்று நிலையத்தில் வரிசையில் நின்று ஊருக்கு அனுப்பும் நாட்கள் அவை. பிள்ளைகளுக்குத் துணி தைக்கக் கொடுத்திருப்பார்கள். கடைக்காரரிடம் தவணை சொல்லியிருப்பார்கள். வியர்வை உலருமுன் கூலி என்ற நபிமொழியைச் சிறுவயது மதரஸாவிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். கூலி கொடுக்க வேண்டியவர் முதலாளி, அது அவருக்குச் சொன்னது என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டரை மணிக்கு நிதித் தலைவரின் அறைக்கு அழைக்கப்பட்டோம். அவருடைய கோபம் காக்காவின் மேல் திரும்பியது. கோப்பை ஏன் கடைசி நாள்வரை வைத்திருந்தீர்கள்? புதன்கிழமையே அனுப்பியிருக்க வேண்டியதுதானே? அறுபதை நெருங்கும் ஒருவருக்கு இங்கே வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவது எளிதன்று. காக்காவின் ஒப்பந்தம் ஜூலையில் முடிவதாக இருந்தது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து நின்று, வருகைப் பதிவு வியாழன் காலைதான் வந்தது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறைக்குள் நுழையுமுன் என் சக ஊழியர் ஒருவர் காதோடு சொல்லியிருந்தார்: "வங்கியின் பக்கத்தில் கோளாறு என்று அறிக்கை எழுதிவிடுங்கள். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?" அவர் கெட்டவர் அல்லர்; என்மேல் கொண்ட அன்பினால் சொன்னார். சொன்னதும் உண்மை. எந்த நொடியில், எந்தக் கட்டளையால் ஜாவா நீங்கியது என்ற பதிவு காக்காவின் கணினியில் இருந்தது. ஆனால் அந்தப் பதிவை வாசிக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். அதை அழிக்கவும் என்னால் முடியும்.

நான் துணிச்சலால் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். காக்கா நின்றுகொண்டிருந்தார், நான் அமர்ந்திருந்தேன். அதைத் தாங்க முடியவில்லை. "நேற்று இரவு நான் அனுப்பிய கட்டளைதான் காரணம். எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்றேன். ஏன் கேட்கவில்லை என்றார். நேரமில்லை என்றேன். பள்ளிவாசலைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. இன்றும் அதை முதன்முறையாக இங்கேதான் எழுதுகிறேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வாண்டின் ஊதிய உயர்வு நின்றது. காக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பின், அலுவலகத் தொழுகை அறையில் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மெயில் எனக்கும் வந்துச்சு தம்பி. பாத்தேன். ஜாவா வேணுமான்னு கேட்டிருந்தீங்க. ஜாவான்னா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? சம்பளப் பக்கம் வேணுமான்னு கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பேன்."

மாதந்தவறாமல் அவர் பயன்படுத்தி வந்த பொருளின் பெயரே அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நான் கேட்ட கேள்வி எனக்கு மட்டும் புரியும் மொழியில் இருந்தது. அத்தகைய கேள்விக்கு வரும் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சூரா அந்நூரின் 27ஆம் வசனம், பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழையுமாறு பணிக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிவழி. நான் ஒருமுறை கேட்டேன், பதில் வரவில்லை, கதவைத் திறந்து உள்ளே சென்று பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த ஒப்புமையை மிகவும் இழுத்து நீட்ட எனக்கு விருப்பமில்லை. கணினி நிறுவனத்தின் உடைமை. காக்காவின் வீடு அன்று. உரிமமில்லாத மென்பொருளையும் ஓட்டையுள்ள மென்பொருளையும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நீக்க வேண்டிய தருணங்களும் உண்டு. ஆயினும், அந்த இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார், அவருடைய ஒரு நாள் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை 600 என்ற எண் மறைத்துவிடுகிறது.

மறுநாள் வெள்ளி. சோனாப்பூரில் எங்கள் நிறுவனத்துத் தொழிலாளர்கள் தங்கும் முகாமுக்கு நோன்பு திறக்கச் சென்றேன். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலுள்ள பாவத்தை அவனிடம் கேட்டுவிடலாம். அடியார்களின் உரிமையை அவர்களிடமே கேட்க வேண்டும் என்று ஆலிம்கள் சொல்வார்கள். ஆனால் ஆயிரம் பேரிடம் எப்படிக் கேட்பது? என் பக்கத்தில் அமர்ந்தவர்களிடம் மட்டும் சொன்னேன். வங்காளதேசத் தச்சர் ஒருவர் நான் சொன்னதை இருமுறை கேட்டுவிட்டு, கணினியிலிருந்து ஒன்றை எடுத்தால் சம்பளம் ஏன் நிற்கும் என்றார். விளக்கினேன், அவருக்கு அது விந்தையாக இருந்தது. ராமநாதபுரத்து ஓட்டுநர் ஒருவர், "நேத்தே ரூம்ல கைமாத்து வாங்கி அனுப்பிட்டேன், பரவாயில்ல" என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து தொழுகைக்குச் சென்றார். அவர் மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என் வேலைமுறை மாறியது. கணினியில் ஒரு மென்பொருள் இருக்கிறதா என்று பட்டியல் சொல்லும். அது பயன்படுகிறதா என்று சொல்லாது. அதற்குப் பயன்பாட்டை எண்ணும் வசதி கான்ஃபிகரேஷன் மேனேஜரிலேயே உண்டு. நான் அதை இயக்கியதே இல்லை. இப்போது நீக்குவதற்கு முன் குறைந்தது நாற்பது நாட்கள் அதை ஓடவிடுகிறேன். ஒரு மாதத்தைத் தாண்டியாக வேண்டும். மாதத்தில் ஒரே நாள், ஒரே மணி நேரம் மட்டும் திறக்கப்படும் மென்பொருள்தான் மிக ஆபத்தானது. தணிக்கைக் காலத்தில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கப்படுபவையும் உண்டு. அவற்றுக்கு நாற்பது நாளும் போதாது, வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில் எதையும் நீக்குவதில்லை. நீக்கும் ஒவ்வொன்றின் நிறுவல் கோப்பையும், குறிப்பிட்ட பதிப்போடு, ஓராண்டு பத்திரப்படுத்துகிறேன். அறிவிப்பை மறைக்கும் கட்டத்தைக் குறிப்பதில்லை. பெயரைப் பிடித்து நீக்குவதும் இல்லை. முப்பது குறியீடுகள் என்றால் முப்பதையும் எழுதுகிறேன்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. தேவையா இல்லையா என்று தெரியாத ஒன்றை நிறுத்திவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. கூச்சல் சோதனை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சில நேரங்களில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்தக்கூடியவர்கள்தான் அதில் கணக்கில் வருவார்கள். சோனாப்பூரில் யாரும் கத்தவில்லை.

2020இன் இறுதியில் அடோபி ஃபிளாஷ் வந்தது, அதாவது போனது. டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்காதபடி அடோபியே தடுத்துவிட்டது. அதை மையத்திலிருந்து நீக்குவதற்கு முன் தளம் தளமாக நடந்தேன். ஃபிளாஷ் வேண்டுமா என்று கேட்கவில்லை. உங்கள் திரையில் நாள்தோறும் என்னென்ன திறக்கிறீர்கள், மாதத்துக்கு ஒருமுறை எதைத் திறக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்டேன். கிடங்கு மேலாளர் ஒருவர் தம் கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவியின் பக்கத்தைத் திறந்து காட்டினார், முழுதும் ஃபிளாஷ். அந்தக் கருவியை மாற்ற எங்களுக்கு மூன்று வாரம் கிடைத்தது. அந்த நடையில் மற்றொன்றும் கண்டேன். பல ஆண்டுகளாக என் பட்டியலில் வெறும் எண்ணாக இருந்த ஒரு கணினியின் மேல், குழந்தை வரைந்த பூ ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையை இத்துறையில் இருப்பவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் உலகெங்கும் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. 78 நிமிடங்களில் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுவிட்டனர். ஆனால் முன்பே விழுந்துவிட்ட கணினிகள் எழவே இல்லை. எழாத கணினிக்கு மையத்திலிருந்து கட்டளை அனுப்ப வழியில்லை. பாதுகாப்பு நிலையில் ஒவ்வொன்றாகத் திறந்து, சி-00000291 என்று தொடங்கும் அந்த ஒரு கோப்பை மனிதர்கள் கையால் அழிக்க வேண்டியிருந்தது. செய்திகளில் விமான நிலையங்களைக் காட்டினார்கள். நான் அந்தச் சிறிய கோப்பைத் தேடி மேசை மேசையாகக் குனிந்த பெயரறியாத தொழில்நுட்பப் பணியாளர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 25ஆம் இரவைப் பற்றி நான் எந்த ஆலிமிடமும் கேட்கவில்லை. தொழுதது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்று பள்ளிக்குக் கொண்டுசென்ற நேரத்தில் ஒரு பகுதி என்னுடையதாக இருக்கவில்லை என்று தோன்றுகிறது. அது அந்தப் பதினோரு தொலைபேசி அழைப்புகளுக்கு உரியது. அமானிதமாக என் கையில் இருந்தது.

காக்கா ஊர் திரும்பி ஆண்டுகள் ஆகின்றன. பெருநாள் தினங்களில் அழைப்பேன். ஸலாமுக்குப் பின் அவர் முதலில் கேட்பது, "இந்த மாசம் எதைக் கழற்றப் போறீங்க, தம்பி?" என்பதுதான். இந்த மாதம் ஒரு பழைய பிடிஎஃப் மென்பொருள். வருகிற செவ்வாயன்று 340 கணினிகளிலிருந்து நீங்க வேண்டும். குறிப்பேட்டில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. பதின்மூன்று பேரிடம் பேசிவிட்டேன். அபுதாபிப் பணியிடத்தின் பண்டகக் காப்பாளர் மட்டும் இருமுறை அழைத்தும் எடுக்கவில்லை. நாளை லுஹருக்குப் பின் மீண்டும் அழைக்க வேண்டும்.